கிராஞ்சித் தொழிலாளியின் கண்ணுக்கு யார் பொறுப்பு?

ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் பத்திரிகையில் கிராஞ்சியைப் பற்றித் தலையங்கம் எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். பதில் எளிது. நம் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஜொகூர் பாலத்தைக் கடந்து, பொழுது விடியுமுன்னே கிராஞ்சி ரயில் நிலையத்தில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். கிராஞ்சியிலும் அதை ஒட்டிய சுங்கை காடுட்டிலும் உள்ள விடுதிகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தோழர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் பாஸ்போர்ட் வேறு, நம் பாஸ்போர்ட் வேறு. மரத்தூளும் சிமெண்டுத் தூசியும் கண்ணில் விழும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்து விழுவதில்லை.

நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது கண்ணுக்கு ஊற்றும் சொட்டு மருந்தைப் பற்றிய விஷயம். அற்ப விஷயமாகத் தோன்றும். சிறிய பிளாஸ்டிக் புட்டி. அதில் இரண்டரை அல்லது ஐந்து மில்லி திரவம். ஆனால் அந்தப் புட்டியில் சரியான மருந்து இருந்தால் ஒரு மனிதன் தன் கண்ணை ஆயுள் முழுவதும் காப்பாற்றிக்கொள்ளலாம். தவறான மருந்து இருந்தால் வலியே இல்லாமல் குருடாகலாம். இரண்டும் கிராஞ்சியில் நடந்துகொண்டிருக்கின்றன.

தவறான புட்டியை முதலில் சொல்லுவோம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் தோழர்களிடம் பேசிப் பார்த்தால் ஒரு வழக்கம் தெரியவரும். கண் சிவந்தால், அரித்தால், டாக்டரிடம் போவதில்லை. ஊருக்குப் போய்த் திரும்பும் நண்பர் பெட்டியில் கொண்டுவந்த சொட்டு மருந்து தலையணைக்கடியில் இருக்கும், அதை ஊற்றிக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில் சிவப்புப் போய்விடுகிறது. வேலைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடி சிவக்கிறது, மறுபடி ஊற்றுகிறார்கள். இப்படி மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில்.

இவ்வளவு சுருக்காகச் சிவப்பை அடக்கும் அந்த மருந்து பெரும்பாலும் ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்பன அதன் பெயர்கள். கிருமியைக் கொல்லும் மருந்தோடு கலந்தும் விற்கிறார்கள். இந்தியச் சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது. ஆனால் ஊரில் மருந்துக் கடைக்காரரிடம் "கண்ணு சிவந்திருக்கு, அண்ணே" என்று சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார் என்பது தமிழ்நாட்டுக்குப் போய்வந்த எவருக்கும் தெரிந்த சங்கதி. சிங்கப்பூரில் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. அதனால்தான் பெட்டியில் வருகிறது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. கண்ணுக்குள் வீக்கம் கண்டவர்களுக்கும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் அதைத் தொடர்ந்து ஊற்றினால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. 1960களில் அமெரிக்காவில் பெக்கர், அர்மாலி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியே இதைச் சோதித்துச் சொன்னார்கள்: மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நடுத்தரமாக ஏறும்; நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் மிகக் கடுமையாக ஏறும். சாதாரணமாக இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் இது தொடங்கிவிடும். ஏறுவது தெரியாது, வலி இல்லை, சிவப்பும் இல்லை. சிவப்பைத்தான் அந்த மருந்தே அடக்கிவிட்டதே!

நமக்குத் தெரிந்த ஒரு தோழர் இருக்கிறார். பெயரும் கம்பெனியும் இங்கே வேண்டாம். வெல்டிங் வேலைக்காரர்களோடு கையாளாக நின்றவர். முப்பத்து நான்கு வயது. எட்டு மாதம் இந்த மருந்தை ஊற்றியிருக்கிறார். சாரத்தில் ஏறும்போது வலப்பக்கத்துக் கம்பியில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்ட பிறகுதான், ஏதோ கோளாறு என்று அவருக்கே பட்டது. கண் டாக்டர் பார்த்தபோது வலக்கண்ணில் ஓரப் பார்வை பெரும்பகுதி போயிருந்தது. மருந்தை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கிற்று. போன பார்வை திரும்பவில்லை. அவருடைய மேற்பார்வையாளர் கேட்ட முதல் கேள்வி, "எப்போது ஊருக்குப் போகிறாய்?" என்பது.

இந்த நோய்க்குக் கிளாக்கோமா என்று பெயர். தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்பார்கள். ஸ்டீராய்டினால் மட்டும் வருவதல்ல. வயதினாலும், குடும்ப வழியிலும், அடிபட்டதாலும் வரும். கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஊறிக்கொண்டே இருக்கிறது. கருவிழி ஓரத்திலுள்ள வலை போன்ற வடிகால் வழியாக அது வெளியேறுகிறது. தோட்டத்துக் கால்வாயில் சருகு அடைத்தால் மேலே தண்ணீர் கட்டிக்கொள்ளும் அல்லவா, அதுபோல வடிகால் அடைபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. சாதாரண அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு. அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. ஆகவே அழுத்தத்தை அளப்பதோடு நரம்பையும் பார்க்க வேண்டும். ஓரப் பார்வை முதலில் போகும். நேர்ப் பார்வை கடைசி வரை நிற்கும். அதனால் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும் சோதனையில் நோயாளி முழு மார்க் வாங்கிவிடுவார்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரைச் சோதித்து 2003இல் வெளியிட்ட கணக்கு இது: நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அதில் பெருவகையான திறந்த கோண நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 93 பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. சிங்கப்பூரில் 2007 முதல் 2009 வரை 3,400 இந்தியர்களைச் சோதித்தபோதும் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் நோய் காணப்பட்டது. ஆயிரம் பேர் தங்கும் விடுதியில் நாற்பது தாண்டியவர்கள் இருநூறு பேர் இருந்தால் நாலைந்து பேருக்கு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. அது மறைந்து வராது, இடி விழுந்தாற்போல் வரும். வடிகாலின் கோணம் சட்டென்று மூடிக்கொள்ளும். கண்ணில் பொறுக்க முடியாத வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம். சிங்கப்பூரில் 1997இல் வெளியான ஆய்வின்படி 30 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 12.2 பேருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது. உலகத்தில் கண்ட அளவுகளில் இது அதிகமானவற்றுள் ஒன்று. சீனர்களிடையே கூடுதல், நம்மவர்களுக்கு வராது என்பதில்லை. வாந்தி எடுக்கிறார் என்று வயிற்று மருந்தும், தலைவலி என்று பனடோலும் கொடுத்து இரவு முழுவதும் படுக்க வைத்தால் காலையில் அந்தக் கண் போயிருக்கலாம். சில சளி மருந்துகள்கூடக் குறுகிய கோணம் உள்ளவர்களுக்கு இதைத் தூண்டிவிடும். இது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய நோய். எம்சி கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் அல்ல.

இனிச் சரியான புட்டிக்கு வருவோம்.

இந்நோய்க்கு மருந்து கிடைத்த வரலாறு ரப்பர்த் தொழிலாளிக்குச் சற்று வேடிக்கையாக இருக்கும். நம் பால் மரத்தின் விதைகள் பிரேசிலிலிருந்து 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அதே 1870களில்தான் அதே பிரேசில் நாட்டு ஜாபொராண்டிச் செடியின் இலையிலிருந்து எடுத்த பைலோகார்ப்பின் என்ற மருந்து கண் அழுத்தத்துக்குச் சொட்டாக ஊற்றப்பட்டது. பிரேசில் காடு நமக்கு உழைப்பையும் கொடுத்தது, ஒரு மருந்தையும் கொடுத்தது. அந்த மருந்து கண்மணியைச் சுருக்கும். இருட்டில் பார்வை மங்கும். விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் வெட்டப் போகிறவனுக்கு அது எவ்வளவு தொல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1954இல் அசெட்டஸோலமைடு மாத்திரை இந்நோய்க்கு வந்தது. நீர் ஊறுவதைக் குறைக்கும், ஆனால் விரல்கள் மரத்துப்போகும், அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும். 1978இல் அமெரிக்காவில் டிமலால் சொட்டு அனுமதி பெற்றது. 1990களில் டார்ஸோலமைடும் பிரைமோனிடினும் வந்தன. 1996இல் லட்டனோபுரோஸ்ட் வந்தது. இரவில் ஒரே ஒரு சொட்டு, வடிகாலைத் திறந்துவிடும்.

இந்தக் கடைசி மருந்துக்கு வழி கண்டவர்களில் முதன்மையானவர் லாஸ்லோ பிட்டோ. ஹங்கேரி நாட்டவர். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டவர். 1956ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கலந்துகொண்டு, பிறகு அமெரிக்கா சென்று படித்து விஞ்ஞானி ஆனார். கண்ணுக்குக் கெடுதல் என்று மற்றவர்கள் ஒதுக்கிய ஒரு பொருளைக் குறைந்த அளவில் கொடுத்தால் அழுத்தம் இறங்கும் என்று பிடிவாதமாகக் காட்டினார். சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் கண்ட வழியில் வந்த மருந்து தொழிலாளிக்கு எட்டாமல் இருப்பதா என்று கேட்கத் தோன்றுகிறது. பல ஆண்டு காப்புரிமையினால் அதன் விலை உச்சத்தில் இருந்தது. அமெரிக்காவில் 2011இல் அது முடிந்த பின் பல கம்பெனிகள் செய்கின்றன, விலை இறங்கிவிட்டது. டிமலால், லட்டனோபுரோஸ்ட், பைலோகார்ப்பின், அசெட்டஸோலமைடு ஆகிய நான்கும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது, எந்த ஏழை நாட்டிலும் இருந்தே தீர வேண்டிய மருந்துகள். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த், 1992இல் ஆரோலேப் என்ற தன் சொந்த ஆலையை வைத்து, கண் வில்லையையும் மருந்தையும் மலிவாகச் செய்து காட்டியிருக்கிறது. முடியாது என்று சொல்பவர்களுக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் மலிவு என்பதற்காக எதையும் வாங்கி ஊற்றலாம் என்பதல்ல. 2023இல் சென்னைக்கு அருகிலுள்ள ஓர் ஆலையில் செய்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டோடு தொடர்புள்ள கிருமித் தொற்றினால் அமெரிக்காவில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேருக்குப் பார்வை போயிற்று, 4 பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அறிவித்தது. கண் மருந்தில் சுத்தம் என்பது உயிர் விஷயம். ஒரே புட்டியை அறையிலுள்ள எட்டுப் பேரும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

மருந்து கொடுக்கிற டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய செய்திகள் சில உண்டு. இழுப்பு நோயோ, இருதயத் துடிப்புக் குறைவோ உள்ளவர்களுக்கு டிமலால் ஆகாது. கண்ணில் ஊற்றியது மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்து மூச்சை அடைக்கும். சல்பா மருந்து ஒவ்வாதவர் அசெட்டஸோலமைடு பற்றிப் பேசும்போது அதைச் சொல்ல வேண்டும். லட்டனோபுரோஸ்ட் இமை மயிரை நீளமாக்கும், இமைத் தோலைக் கறுப்பாக்கும். அதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம். சாதாரணமாக அந்தப் புட்டியைத் திறக்கும் வரை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். திறந்தபின் 25 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைத்து, நாலு அல்லது ஆறு வாரத்துக்குள், புட்டியோடு வரும் சீட்டில் சொல்லியபடி, எறிந்துவிட வேண்டும். கிராஞ்சி விடுதியின் தகரப் பெட்டி மதியம் எவ்வளவு சூடேறும் என்பதை அங்கே படுத்தவர்கள் அறிவார்கள்! ஊற்றும் முறையும் முக்கியம்: கையைக் கழுவி, புட்டி நுனி இமையில் படாமல் ஒரே சொட்டு, பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் விட வேண்டும். இரண்டு சொட்டு விட்டால் இரட்டைப் பலன் என்பதில்லை. கன்னத்தில் வழிவதுதான் மிச்சம்.

இந்த மருந்தை ஒரு மாதம் ஊற்றி நிறுத்துவதல்ல. ஆயுள் முழுவதும். அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் இறங்கும்போதும் நோய் முற்றும் அபாயம் நூற்றுக்குப் பத்து அளவில் குறைகிறது என்று சுவீடன் நாட்டு ஆய்வு காட்டியது. ஆக, கேள்வி இதுதான்: ஆயுள் முழுவதும் ஊற்ற வேண்டிய மருந்துக்கு, இரண்டு வருஷ பெர்மிட்டில் வந்தவனுக்கு யார் பணம் கட்டுவது?

சிங்கப்பூரில் நிலைமை முன்னைவிட மேல் என்பதை நாம் மறுக்கவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல், விடுதியில் தங்கும் தொழிலாளர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை முதலிய துறையினருக்கும் முதலாளி அடிப்படை மருத்துவத் திட்டம் வாங்கியாக வேண்டும். தொழிலாளி ஒரு தடவை மருத்துவ நிலையத்துக்குப் போனால் 5 வெள்ளி, தொலைபேசித் திரை வழியே டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. 2023 ஜூலை 1 முதல் மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்கு 60,000 வெள்ளியாக உயர்ந்தது. நல்ல காரியங்கள். ஆனால் அந்தக் காப்புறுதி மருத்துவமனையில் படுப்பதற்கும் நாள் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. அடிப்படைத் திட்டம் சாதாரண டாக்டரோடு நிற்கிறது. கண் நிபுணரிடம் மூன்று மாதத்துக்கொரு முறை போவதும், மாதந்தோறும் புட்டி வாங்குவதும் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விழுகின்றன. வெளிநாட்டுத் தொழிலாளியின் வைத்தியச் செலவுக்கு முதலாளியே பொறுப்பு என்று வேலை அனுமதிச் சட்டம் சொல்கிறது. சொல்லத்தான் சொல்கிறது. கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவன் "எனக்குக் கண் நோய், மாதம் ஒரு புட்டி வேண்டும்" என்று முதலாளியிடம் போய்ச் சொல்வானா? பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள் என்ற பயம் அவன் வாயைக் கட்டுகிறது. அந்தப் பயம்தான் தலையணைக்கடியில் உள்ள புட்டிக்கு மூல காரணம். தோழர்களின் அறியாமையைப் பழிப்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

ஆகவே நாம் கோருவது: நாற்பது வயது கடந்தவர்களுக்கும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு ஊற்றியவர்களுக்கும் கண் அழுத்தமும் நரம்பும் பார்க்கும் சோதனை அடிப்படைத் திட்டத்திலேயே சேர வேண்டும். அத்தியாவசியப் பட்டியலிலுள்ள கண் மருந்துகள் அந்த 5 வெள்ளிக்குள்ளேயே கிடைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2019இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், முதல் வைத்தியமாக லேசர் ஒளி செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 74 பேர் மூன்று வருஷம் கழித்தும் சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தம் கட்டுக்குள் இருந்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்து, ஐஸ் பெட்டியும் இல்லாமல், பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் வேறு ஏது? தகுதியுள்ள நோயாளிக்கு இந்த லேசரைக் காப்புறுதி ஏற்க வேண்டும். ஒரு தொழிலாளி குருடானபின் கொடுக்கும் நஷ்ட ஈட்டோடு ஒப்பிட்டால் முதலாளிமாருக்கும் இதில் நஷ்டம் இல்லை.

நம் தோட்டங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பாலைக் கெட்டியாக்கும் பார்மிக் அமிலமும், கெடாமல் வைக்கும் அம்மோனியாவும் நம் ஸ்டோர்களில் இருக்கின்றன. அமிலத்தைவிட அம்மோனியா பொல்லாதது. கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவிக் கருவிழியை அவித்துவிடும், பிற்பாடு அழுத்த நோயையும் கொண்டுவரும். அது தெறித்தால் எந்தச் சொட்டு மருந்தும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம், நந்தியாவட்டைச் சாறும் வேண்டாம். அந்த இடத்திலேயே ஓடும் தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரம் இமையை விரித்துக் கழுவி, பிறகு ஆஸ்பத்திரி. ஸ்டோர் வாசலில் இதற்கென்று ஒரு குழாய் இல்லாத தோட்டங்கள் எவை என்று கிளைச் செயலாளர்கள் நமக்கு எழுத வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் சில ரிங்கிட்டில் கண் நிபுணரும் மருந்தும் கிடைப்பதால், பாலம் கடந்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அங்கே மருந்துக்கு அலைய வேண்டியதில்லை. லீவு நாளில் இங்கேயே பதிந்துகொள்ளலாம்.

கிராஞ்சிக்குப் போய்வரும் தோழர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். உடன் வேலை செய்யும் ஊர்த் தோழர்களின் புட்டியை வாங்கிப் பெயரைப் படியுங்கள். "டெக்ஸா", "பீட்டா", "பிரெட்" என்று தொடங்கும் எழுத்து அதில் இருந்தால், யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை மாதமாக ஊற்றுகிறார் என்று கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கொடுங்கள். டாக்டர் பார்த்துக் கொடுத்த மருந்தானால் தானாக நிறுத்தக் கூடாது. தானே வாங்கியதானால், காகிதத்தையும் புட்டியையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே மருத்துவ நிலையத்துக்குப் போய், "கண் அழுத்தம் பார்க்க வேண்டும்" என்று இந்த நான்கு வார்த்தையையே கேட்கச் சொல்லுங்கள்.